கொரியாவில் குடித்தனம்: ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம்?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து கொரியா போய்க் குடியிருக்கும் தம்பதிகளும், அவர்களைப் பார்க்கக் கிளம்பும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் ஊர் சுற்றுவது பற்றியவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். கட்டணங்கள் அவ்வப்போது மாறும். கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்யாணம் முடிந்து அடுத்த மாதம் சியோலுக்குப் போகிறேன். அவர் அங்கே ஆராய்ச்சியாளர். பகலில் நான் தனியாகத்தான் வெளியே போய் வர வேண்டும். முதல் வாரத்திலேயே என்னென்ன கையில் இருக்க வேண்டும்?
– வாசகி, மன்னார்குடி

முதலில் டீ-மணி அட்டை, அதாவது பஸ்ஸிலும் மெட்ரோவிலும் தட்டிக் கட்டணம் செலுத்தும் அட்டை. தேடி அலைய வேண்டாம். ஜிஎஸ் 25, சியூ, செவன் இலெவன் என்று தெருவுக்குத் தெரு இருக்கும் சிறு கடைகளிலேயே கிடைக்கும். அங்கேயே ரொக்கம் கொடுத்துப் பணம் ஏற்றிக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும். பஸ்ஸில் ஏறும்போது தட்டுவதை எல்லோரும் செய்துவிடுவார்கள்; இறங்கும்போது தட்ட மறப்பதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு. இறங்கும்போது தட்டி, 30 நிமிடத்துக்குள் அடுத்த பஸ்ஸிலோ மெட்ரோவிலோ ஏறினால் புதிதாக அடிப்படைக் கட்டணம் பிடிக்காது. இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை இந்த அவகாசம் ஒரு மணி நேரம். இப்படி நான்கு முறை வரை மாறலாம். தட்டாமல் இறங்கினால் இந்தச் சலுகை போய்விடும். அதே எண் பஸ்ஸில் மறுபடி ஏறினாலும் சலுகை கிடையாது.

அடுத்தது வரைபடம். கூகுள் மேப் அங்கே நம் ஊரில் போல நடைவழி காட்டும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். நேவர் மேப் அல்லது ககாவோ மேப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஆங்கிலம் உண்டு. இடத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி அகப்படாவிட்டால் அந்த இடத்தின் தொலைபேசி எண்ணை நேவரில் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் வந்துவிடும். மெட்ரோ நிலையத்தில் வாசல் எண்ணைப் பார்த்துக்கொண்டு ஏறுங்கள். பெரிய நிலையங்களில் பத்துக்கு மேல் வாசல்கள் இருக்கும். தவறான வாசலில் ஏறினால் எட்டு வழிச் சாலைக்கு மறுபுறம் நிற்பீர்கள். எதிர்த்திசை நடைமேடைக்குள் நுழைந்துவிட்டால் பதற வேண்டாம்: சியோல் நகர மெட்ரோவில் வெளியே வந்து 15 நிமிடத்துக்குள் மறுபடி நுழைந்தால் இரண்டாவது முறை கட்டணம் பிடிக்காது.

மூன்றாவது, வசிப்பு அட்டை. 90 நாளுக்கு மேல் தங்குபவர்கள் வந்த 90 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் பதிய வேண்டும். நேரம் முன்பதிவு செய்துதான் போக முடியும். அட்டை கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். அதனால் இறங்கிய வாரமே முன்பதிவு போட்டுவிடுங்கள். அட்டையும் உங்கள் பெயரில் கைபேசி எண்ணும் இல்லாதவரை பல கொரிய இணையதளங்கள் உங்களை உள்ளேயே விடாது, ஆள் சரிபார்ப்பில் நின்றுவிடும். அதுவரை நுழைவுச்சீட்டுகளை நேரில் கவுன்ட்டரில் வாங்குங்கள்.

கைபேசியில் 1330 என்ற எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள். சுற்றுலா உதவி எண். ஆங்கிலத்தில் 24 மணி நேரமும் பேசுவார்கள். டாக்சி ஓட்டுநருக்கு உங்கள் பேச்சு புரியாவிட்டால் அவர்களே நடுவில் மொழிபெயர்ப்பார்கள். போலீஸ் 112, தீயணைப்பும் ஆம்புலன்ஸும் 119.

கேள்வி: மாதம் 62,000 வோன் அட்டை வாங்கினால் சியோலில் எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றலாமாமே? இருவரும் வாங்கிவிடலாமா?
– வாசகர், பாபநாசம் (இப்போது சியோல்)

கணக்குப் போட்டுப் பாருங்கள். மெட்ரோ அடிப்படைக் கட்டணம் 2025 ஜூன் கடைசியிலிருந்து 1,550 வோன். அது முதல் 10 கிலோமீட்டருக்கு. அதன் பிறகு 5 கிலோமீட்டருக்கு 100 வோன் கூடும். 62,000 வோனை ஈடுகட்ட மாதம் 40 பயணம் வேண்டும். தினம் வேலைக்குப் போய் வருபவருக்கு அதிலேயே 44 ஆகிவிடும், ஞாயிறு சுற்றுவது இலவசம். வாரம் இரண்டு நாள் வெளியே போகிறவருக்கு நஷ்டம், டீ-மணியே போதும். சுவோன் போல இந்தத் திட்டத்தில் சேராத ஊரில் வீடு இருந்தால் இந்த அட்டை உதவாது. ஷின்புந்தாங் தடத்திலும் மாவட்டங்களுக்கு ஓடும் சிவப்பு பஸ்ஸிலும் செல்லாது.

கேள்வி: மகளும் மாப்பிள்ளையும் எங்களை வரச் சொல்கிறார்கள். எனக்கு 67 வயது, இவருக்கு 71. எனக்கு முழங்கால் வலி உண்டு. எந்த மாதம் வந்தால் நல்லது? அரண்மனைகளைப் பார்க்க முடியுமா?
– வாசகி, கும்பகோணம்

ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை வாருங்கள். இல்லாவிட்டால் அக்டோபர் முதல் நவம்பர் முதல் வாரம் வரை. சியோலில் செர்ரிப் பூ ஏப்ரல் முதல் வாரத்தில் பூத்து ஒரே வாரத்தில் உதிர்ந்துவிடும். அதை மட்டும் நம்பி டிக்கெட் போடாதீர்கள், மழையோ காற்றோ வந்தால் மூன்று நாளில் முடிந்துவிடும். ஜூன் கடைசியில் தொடங்கி ஒரு மாதம் மழைக்காலம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சியோலில் சுழியத்துக்குக் கீழே 10 டிகிரி போவது சாதாரணம். மார்கழிப் பனிக்கு மஃப்ளர் கட்டிப் பழகிய உடம்புக்கு அது வேறு குளிர். வெறும் குளிர்கூடப் பரவாயில்லை, நடைபாதையில் உறைந்து கிடக்கும் பனிதான் முழங்கால்காரர்களுக்கு ஆபத்து. இலையுதிர் காலத்தில் வருவதானால் சூசொக் என்ற அறுவடைத் திருநாள் விடுமுறை எந்த வாரம் என்று மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பும். ரயிலில் இடம் கிடைக்காது, நிறைய கடைகள் மூடியிருக்கும். சியோலிலேயே இருந்தால் மட்டும் லாபம்: அரண்மனைகளுக்கு அன்று கட்டணமில்லை.

வசந்தத்தில் இன்னொரு தொல்லை நுண்தூசி. பிஎம் 2.5 அளவு 35-க்கு மேல் போனால் 'மோசம்', 75-க்கு மேல் 'மிக மோசம்' என்று காட்டும். மிக மோசம் என்று வரும் நாளில் கேஎஃப் 94 முகக்கவசம் போட்டுக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள்.

அரண்மனைக்கு நாள் பார்த்துத்தான் போக வேண்டும். கியோங்போக்குங் செவ்வாய்க்கிழமை மூடல். சாங்தொக்குங், சாங்கியோங்குங், தொக்சுகுங் மூன்றும் திங்கள்கிழமை மூடல். 65 வயது ஆனவர்களுக்கு நுழைவு இலவசம், பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள். மற்றவர்களுக்கு கியோங்போக்குங்கில் 3,000 வோன். கொரிய உடையான ஹான்போக் வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு வருபவர்களுக்கும் கட்டணமில்லை. காவலர் மாற்றும் சடங்கு காலை 10 மணிக்கும் பகல் 2 மணிக்கும் நடக்கும். 1395-இல் கட்டப்பட்ட அந்த அரண்மனையின் வளாகம் மிகப் பெரியது, முற்றங்களில் பெரும்பாலும் மண்ணும் கல்லும்தான். கால் வலிக்காரர்கள் முன் மண்டபத்தையும் குளத்து மண்டபத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புவது உத்தமம்.

சாங்தொக்குங்கின் பின்புறத் தோட்டம் எல்லாவற்றிலும் அழகு என்பது எங்கள் கருத்து. ஆனால் அது வழிகாட்டியோடு ஒன்றரை மணி நேர நடை, ஏற்ற இறக்கம் உண்டு. அரண்மனைக் கட்டணத்துக்கு மேல் தனியாக 5,000 வோன். ஆறு நாள் முன்பு காலை 10 மணிக்கு முன்பதிவு திறக்கும். இலையுதிர் கால வார இறுதியில் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். உங்கள் முழங்காலுக்கு அதைவிட இச்சோன் நிலையத்தருகே உள்ள தேசிய அருங்காட்சியகம் நல்லது. நிரந்தரக் கூடங்களுக்குக் கட்டணமில்லை, மின்தூக்கி உண்டு, புதன் சனி இரவு 9 மணி வரை திறந்திருக்கும். மெட்ரோவில் மூத்தோருக்கு இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது சுற்றிப் பார்க்க வருபவர்களுக்குக் கிடையாது. நீங்களும் டீ-மணி வாங்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. வெளியே போனால் பட்டினியா?
– வாசகி, மயிலாடுதுறை (இப்போது தேஜோன்)

பட்டினி இல்லை. ஆனால் கண்ணுக்குக் காய்கறியாகத் தெரிவதெல்லாம் சைவமில்லை. கிம்ச்சி என்ற முட்டைக்கோஸ் ஊறுகாயில் பெரும்பாலும் மீன் சாறோ உப்பிட்ட இறால் குஞ்சோ சேரும். டோஃபு குழம்பு, நூடுல்ஸ், தொக்போக்கி என்ற காரமான அரிசிக் கொழுக்கட்டை எல்லாவற்றுக்கும் நெத்திலிக் கருவாட்டைக் கொதிக்கவைத்த நீர்தான் அடிப்படை. கிம்பாப் என்ற சோற்றுச் சுருளில் ஹாமும் நண்டுக் குச்சி என்ற பெயரில் மீனும் முட்டையும் இருக்கும். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் மாட்டுக்கறியை எடுத்துவிட்டு மீதியை அப்படியே தருவார். மீன் சாறும் எலும்பு நீரும் இறைச்சிக் கணக்கில் வராது என்பதுதான் அவர்கள் நினைப்பு. ஏமாற்றும் எண்ணம் இல்லை. அதனால் இறைச்சி, கடல் உணவு, முட்டை, நெத்திலி நீர், மீன் சாறு ஆகிய ஐந்தும் கூடாது என்று கொரியனில் எழுதிய சீட்டைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, உட்காரும் முன்பே காட்டுங்கள். 'கோகி, ஹேமுல், க்யேரான் ப்பே ஜுசேயோ' என்றால் இறைச்சி, கடல் உணவு, முட்டை நீக்கித் தாருங்கள் என்று அர்த்தம்.

பிபிம்பாப் சொல்லும்போது அந்த மூன்றையும் நீக்கச் சொன்னால் சோறும் காய்களும் நிற்கும். மேலே ஊற்றும் மிளகாய் விழுதைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள், சில கடைகளில் அதைக் கறி போட்டு வதக்கியிருப்பார்கள். கோடையில் கொங்குக்சு என்று சோயாப் பாலில் குளிர்ந்த நூடுல்ஸ் போடுவார்கள். முட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும். சிவப்புக் காராமணிக் கஞ்சி போல இருக்கும் பத்ஜுக், பூசணிக் கஞ்சி இரண்டும் வயிற்றுக்கு இதம். குளிர்காலத்தில் தெருவில் சுட்ட சர்க்கரைவள்ளி கிடைக்கும்.

பௌத்த மடங்களின் சாப்பாடு முழுச் சைவம். வெங்காயம், பூண்டு கூடச் சேர்க்க மாட்டார்கள். ஏகாதசி, அமாவாசை பார்க்கும் வீட்டாருக்கு இது வரப்பிரசாதம். 2002 உலகக் கோப்பைக் கால்பந்து சமயத்தில் தொடங்கிய மடத்தில் தங்கும் திட்டத்தில் ஒரு இரவு தங்கினால் இரவும் காலையும் அந்தச் சாப்பாடுதான். விடியலுக்கு முன்பே எழுப்பிவிடுவார்கள், தரையில்தான் படுக்கை.

கட்டுச்சோறு எடுத்துப்போவதே எங்கள் முதல் யோசனை. கொரிய அரிசி குட்டையானது, ஒட்டும். சாம்பாருக்கு உதவாது, தயிர்சாதத்துக்கு அருமை. தயிர் வாங்கும்போது சர்க்கரை சேர்க்காதது என்று பார்த்து எடுங்கள். 'பிளைன்' என்று போட்டும் இனிப்பாக இருப்பது உண்டு. புளியோதரைக்கு இந்த அரிசி என்றால் தண்ணீரைக் குறைத்து, தட்டில் பரப்பி ஆறவிட்டுக் கிளறுங்கள். கேடிஎக்ஸ் அதிவேக ரயிலில் சாப்பிடலாம். நகர பஸ்ஸில் கூடாது. திறந்த காபிக் கோப்பையோடு ஏறினாலே சியோல் ஓட்டுநர் இறக்கிவிடலாம். சிறு கடைகளில் மைக்ரோவேவும் வெந்நீரும் இருக்கும். அங்கே இரண்டு நிமிடத்தில் சூடாகும் பொட்டலச் சோறும் கிடைக்கும், கையில் ஒரு ஊறுகாய் பாட்டில் போதும்.

கேள்வி: காவிரிக் கரையில் பிறந்தவன். இந்த ஊரில் கட்டடமும் மலையும்தான் கண்ணில் படுகின்றன. ஆறும் வயலும் பார்க்க எங்கே போவது?
– வாசகர், திருவையாறு (இப்போது இன்சியோன்)

சியோலுக்குப் பக்கத்தில் என்றால் துமுல்மொரி. வட ஹான், தென் ஹான் என்ற இரண்டு ஆறுகள் கூடி ஹான் நதியாகும் இடம். கியோங்குய்-ஜுங்காங் தடத்தில் யாங்சு நிலையத்தில் இறங்குங்கள். வண்டிகளுக்கிடையே அரை மணிகூட ஆகும். திரும்பும் நேரத்தை இறங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் செமிவான் என்ற தாமரைத் தோட்டம், அதைத் தாண்டி ஆற்று முனை. தாமரைக்கு ஜூலையும் ஆகஸ்ட் முதல் பாதியும். மழைக்காலமும் அதோடு சேர்ந்து வரும். காலை 9 மணிக்குள் போய்விடுங்கள், உச்சி வெயிலில் பூ மூடிவிடும். அங்கே பேர்போன தாமரை இலை ஹாட் டாக்கின் உள்ளே சாசேஜ்தான்.

வயல் பார்க்க தென்மேற்கே ஜொல்லா பகுதிக்குப் போக வேண்டும். கொரியாவில் அடிவானம் வரை நெல்வயல் தெரியும் சமவெளி கிம்ஜே. ஒரே போகம்: மே நடுவில் தொடங்கி ஜூனுக்குள் நடவு, செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் அறுப்பு. குறுவைக்கு மேட்டூர் திறக்கும் நாளில் அங்கே நட்ட பயிர் வேர்பிடித்திருக்கும். செப்டம்பர் மூன்றாவது வாரம் கதிர் பழுத்திருக்கும், அதுதான் போக வேண்டிய நேரம். நவம்பருக்குப் பிறகு போனால் வெறும் தாள்தான். கிம்ஜேயில் ப்யோக்கொல்ஜே என்ற பழைய நீர்த்தேக்கத்தின் கரை இருக்கிறது. பெக்சே அரசு காலத்தில் கி.பி. 330-இல் கட்டியதாக வரலாற்று நூல் சொல்கிறது. ஏரி இப்போது இல்லை. நீண்ட மண்கரையும் மதகின் கல்தூண்களும் நிற்கின்றன. கல்லணையைப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்தக் கல்தூண்களில் பலகை இறக்கிய பள்ளங்களைக் கட்டாயம் தேடிப் பார்க்க வேண்டும். கிம்ஜே நிலையத்திலிருந்து நகர பஸ் அரிது. டாக்சியில் போங்கள், திரும்புவதற்கு ககாவோ டி செயலியில்தான் கூப்பிட முடியும், சாலையில் காலி வண்டி வராது.

இரண்டு நாள் கிடைத்தால் இன்னும் தெற்கே சுன்சொன் விரிகுடா. கோடியக்கரையையும் முத்துப்பேட்டைக் காயலையும் அறிந்தவர்களுக்கு அங்கே பொழுது போவதே தெரியாது. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கோரைக்காடும் சேற்றுத் தரையும். கோடியக்கரை 2002-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, சுன்சொன் 2006-இல். 2021-இல் அந்தச் சேற்றுத் தரைகள் யுனெஸ்கோ பட்டியலிலும் இடம்பெற்றன. கோரை பூத்து நிற்பது அக்டோபர், நவம்பர். கருங்கொக்குகள் குளிர்காலம் முழுக்க. மரப்பாதையில் கோரைக்காட்டைக் கடந்து குன்றின் மேலுள்ள காட்சி மேடைக்கு ஏற 40 நிமிடம் ஆகும். நீரோடை வளைந்து போவது சூரியன் இறங்கும்போதுதான் தெளிவாகத் தெரியும். சூரியன் மறையும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே நுழைவாயிலில் இருங்கள். டிக்கெட் போடும்போது கவனம்: ச்சுன்சொன் என்று இன்னொரு ஊர் சியோலுக்கு வடகிழக்கே இருக்கிறது. ரயில் யோங்சானிலிருந்து ஜொல்லா தடத்தில் போகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டு இளவரசி ஒருவர் கொரியாவின் ராணி ஆனாராம். அவர் சமாதியைப் பார்க்க முடியுமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பார்க்கலாம், கிம்ஹே நகரில் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற பௌத்தத் துறவி தொகுத்த 'சம்குக் யூசா' நூல், ஹோ ஹ்வாங்-ஓக் என்ற இளவரசி கி.பி. 48-இல் ஆயுதா என்ற நாட்டிலிருந்து கடல்வழி வந்து கயா நாட்டு அரசர் சுரோவை மணந்தார் என்கிறது. ஆயுதா அயோத்தி என்பது பரவலான கருத்து. தமிழகம் என்றும் சிலர் வாதிடுகிறார்கள். ஆய்வாளர்களிடையே முடிவு எட்டப்படவில்லை. ஆகவே 'தமிழ் இளவரசி' என்று உறுதியாகச் சொல்வது சரியல்ல.

பூசான் மெட்ரோவில் சசாங் அல்லது தேஜோ நிலையத்தில் இறங்கி, பூசான்-கிம்ஹே இலகு ரயில் ஏறுங்கள். அரசர் சமாதி பெயரிலேயே ஒரு நிலையம் உண்டு. அரசர் சமாதி, தேசோங்-தொங் புதைமேடுகள், ராணி சமாதி மூன்றையும் நடந்தே அரை நாளில் முடிக்கலாம். அந்தப் புதைமேடுகள் 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கயா புதைமேடுகளில் ஒன்று. ராணி கப்பலில் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் கல்கோபுரம் அவர் சமாதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அரசர் சமாதி வாயிலில் இரட்டை மீன் ஓவியத்தைப் பாருங்கள்.

கேள்வி: பூசானுக்கு ரயிலில் போக எப்போது பதிவு செய்வது?
– வாசகி, திருத்துறைப்பூண்டி (இப்போது சியோல்)

ஒரு மாதம் முன்பு காலை 7 மணிக்குத் திறக்கும். கோரெயில் டாக் செயலியில் ஆங்கிலம் உண்டு, வெளிநாட்டு அட்டையும் ஏற்கும். சியோல்–பூசான் கேடிஎக்ஸ் சாதாரண இருக்கை 59,800 வோன், சுமார் இரண்டரை மணி நேரம். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும்தான் முதலில் நிரம்பும். சனி காலை போய்த் திங்கள் காலை திரும்ப முடிந்தால் நல்லது. சொல்லால் என்ற சந்திரப் புத்தாண்டு, சூசொக் டிக்கெட்டுகள் தனியாக முன்கூட்டியே விற்கப்படும். பூசானின் ஹேவுந்தே கடற்கரையில் குளிப்பவர்களுக்குக் கோடைகாலம் மட்டும்தான் காவல். மிதவைக் கோட்டைத் தாண்டக்கூடாது.

கேள்வி: கணவரின் அலுவலகத்தில் எல்லோரும் மலை ஏறப் போகிறார்கள். எங்களையும் கூப்பிடுகிறார்கள். மலையே இல்லாத ஊர்க்காரர்கள் நாங்கள், ஏற முடியுமா?
– வாசகி, வேதாரண்யம் (இப்போது சியோல்)

முடியும், முதல் மலையாக புகான்சானின் பெகுந்தே உச்சியை மட்டும் எடுக்காதீர்கள். 836 மீட்டர்தான் என்றாலும் கடைசிப் பகுதி வழுக்குக் கருங்கல் பாறை. இரும்புக் கம்பியைப் பிடித்து ஏற வேண்டும். ஓட்டப்பயிற்சிக் காலணியின் அடி அங்கே பிடிக்காது. ஏறுவது எளிது, இறங்கும்போதுதான் முழங்கால் நடுங்கும், விபத்தும் அப்போதுதான். முதலில் சியோல் மேற்கிலுள்ள அன்சான் குன்றைச் சுற்றி வாருங்கள். 7 கிலோமீட்டர் மரப்பாதை, படிக்கட்டே கிடையாது, பெற்றோரையும் அழைத்துப் போகலாம். அடுத்து நாம்சான். அதன் பிறகு பெகுந்தே.

புகான்சான் உய் நிலையத்தருகே வெளிநாட்டவருக்கான மலையேற்ற மையம் காலணி, கைத்தடி, பனிக்கு மாட்டும் இரும்பு முள் எல்லாம் வாடகைக்குத் தருகிறது. பாஸ்போர்ட்டோ வசிப்பு அட்டையோ கொண்டுபோங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எடுங்கள், மேலே கடை இல்லை. பருத்திச் சட்டை வேண்டாம். வியர்வையில் நனைந்து உச்சிக் காற்றில் உடம்பை விறைக்க வைத்துவிடும். சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே இறங்கத் தொடங்குங்கள். வசந்தத்திலும் நவம்பர் நடுவிலிருந்தும் காட்டுத்தீ பயத்தால் தேசியப் பூங்காக்களில் சில பாதைகளை மூடுவார்கள். பூங்கா இணையதளத்தில் முதல் நாள் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஹோட்டலில் டிப்ஸ் எவ்வளவு?
– வாசகர், திருவாரூர்

கிடையாது. மேசையில் வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே கொண்டுவந்து தருவார்கள்.

கேள்வி: மெட்ரோவில் பையை விட்டுவிட்டால்?
– வாசகி, சீர்காழி (இப்போது சியோல்)

இறங்கிய நேரம், எந்தத் திசை வண்டி, நடைமேடைத் தரையில் எழுதியிருக்கும் கதவு எண் மூன்றையும் உடனே குறித்துக்கொண்டு அதே நிலைய அலுவலகத்துக்குப் போங்கள். கதவு எண் '7-2' என்று இருந்தால் ஏழாவது பெட்டி, இரண்டாவது கதவு. அதைச் சொன்னால் அடுத்த நிலையத்தில் ஊழியர் நேராக அந்தப் பெட்டிக்கே போய்ப் பார்க்க முடியும். எண் தெரியாவிட்டால் வண்டி கடைசி நிலையம் சேரும்வரை காத்திருக்க வேண்டும். அன்று கிடைக்காவிட்டால் 1330-ஐக் கூப்பிட்டு, அந்தத் தடத்தின் தொலைந்த பொருள் மையம் எங்கே என்று கேளுங்கள். பொருளை வாங்க அடையாள அட்டை வேண்டும். டீ-மணி அட்டை தொலைந்தால் உள்ளே இருக்கும் பணம் திரும்பாது. அதனால் ஒரேயடியாக 50,000 வோன் ஏற்றாமல் 10,000, 20,000 என்று ஏற்றிக்கொள்ளுங்கள்.